நாலாம் குறுக்குத் தெரு மொத்தக் கடையில ஒரு பில்லிங் ஆப், 14 மாசம் பாவிச்ச பிறகு

முதல்ல ஒண்டு சொல்லிடுறன், இத எழுதச் சொல்லி ஒருத்தரும் காசு தரேல்ல, சலுகையும் தரேல்ல, மாசம் மாசம் முழுக் காசு கட்டித்தான் பாவிக்கிறம். கம்பனி பேர மட்டும் இங்க போடேல்ல. நல்லதோட சேத்து பிழைகளையும் எழுதப் போறன், சின்னப் பொடியன்கள் நடத்துற கம்பனி, பேர் போட்டா பிழை மட்டும்தான் ஊருக்குள்ள சுத்தும். உண்மையாத் தேவையான கடைக்காரர் தனியாக் கேளுங்க, நம்பர் தாறன்.

எங்கட கடை கொழும்பு புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில. செத்தல் மிளகாய், மைசூர் பருப்பு, பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, மல்லி, எல்லாம் மூடைக் கணக்கு. ஹட்டன், மாத்தளை, சிலாபம் பக்கமிருந்தெல்லாம் கடைக்காரர் வருவாங்க. அப்பா 1986ல தொடங்கினவர், இப்ப அவரும் நானும் பாக்கிறம். இந்தத் தெருவில யாவாரம் எப்பிடி நடக்கும் எண்டு தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொன்னாத்தான் இந்த ஆப்ல என்ன விசேஷம் எண்டு விளங்கும்.

ஒரு வாடிக்கையாளர் பத்து மூடை மிளகாய் கேட்டா பத்து மூடையும் பத்து நிறையா இருக்கும். ஒண்டு 25.4, அடுத்தது 24.9, இன்னொண்டு 25.7. ஒவ்வொண்டா தராசில வச்சு நிறையை சத்தமாச் சொல்ல, ஒருத்தர் சிட்டையில வரிசையா எழுதி, கூட்டி, சாக்கிட நிறைக்கு எண்டு சாக்குக் கழிவு கழிச்சு, மிச்சத்துக்குத்தான் விலை போடுறது. அதோட மூடை தூக்கிற நாட்டாமைமாரிட கூலி, லொறிக் கூலி. பிறகு பழைய நிலுவை எவ்வளவு, இண்டைக்கு கைக்காசு எவ்வளவு, மிச்சத்துக்கு முப்பது நாள் செக்கா நாப்பத்தஞ்சு நாள் செக்கா. இவ்வளவும் காலமை ஏழு மணிக்கு, தெருவில கைவண்டிக்காரர் ‘சைட் சைட்’ எண்டு கத்த, பின்னால இன்னும் நாலு பேர் நிண்டு அவசரப்படுத்த, பத்து நிமிசத்தில முடியோணும். கடையில விக்கிற சாதாரண பில்லிங் சொப்ட்வெயார் எல்லாம் ‘எத்தனை, என்ன விலை’ எண்டு ரெண்டு பெட்டிதான் வச்சிருக்கும். சுப்பர் மார்க்கெட்டுக்கு அது காணும். எங்களுக்கு அது ஒரு நாளைக்குக்கூட சரிவராது.

இந்தப் பொடியன்கள் முதல் தரம் வந்தது ஒரு செவ்வாக்கிழமை மத்தியானம், கூட்டம் குறைஞ்ச நேரம் பாத்து. ரெண்டு பேர். ஒருத்தர் யாழ்ப்பாணம், யாழ் ஐடி ஹப் எண்ட அமைப்பு நடத்துற தொழில்நுட்பப் போட்டியளில பங்குபற்றி அந்த ஆர்வத்தில கொழும்புக்கு வந்தவராம். மற்றவர் மொரட்டுவ கம்பஸ்ல படிச்ச சிங்களப் பொடியன், ஆனா கொட்டாஞ்சேனையில வளந்தபடியா தமிழ் எங்கள மாதிரியே கதைப்பார். லப்டொப்ப திறந்து படம் காட்டப் போறாங்க எண்டு நினைச்சன், காட்டேல்ல. ‘அங்கிள், மூண்டு நாளைக்கு தராசுக்குப் பக்கத்தில நிண்டு பாக்கலாமா’ எண்டு அப்பாட்டக் கேட்டாங்க. அப்பாவுக்கு அதிலயே பாதி மனம் இளகிட்டு. ‘நில்லுங்கோ தம்பி, ஆனா நாட்டாமைமாருக்கு இடைஞ்சல் குடுக்காதேங்கோ’ எண்டார்.

மூண்டு நாளும் காலமை ஆறரைக்கே வந்து நிண்டாங்க. யார் நிறையைச் சொல்றது, யார் எழுதுறது, சாக்குக்கு எவ்வளவு கழிக்கிறது, நனைஞ்ச சாக்கெண்டா என்ன செய்யிறது, எல்லாத்தையும் கொப்பியில எழுதினாங்க. ரெண்டு கிழமை கழிச்சு கொண்டு வந்த திரையில பெரிய பெரிய இலக்கங்கள் மட்டும்தான். நிறையை தட்டி சரி எண்டு அமத்தினா அடுத்த வரிக்குப் போகும், மூடை எண்ணிக்கை தானாக் கூடும், சாக்குக் கழிவு கீழ தனியா நிக்கும், அத மாத்தவும் ஏலும். நாப்பது மூடை நிறையையும் நாலு நிமிசத்துக்குள்ள அடிக்கிறம். எங்கட கடையில இருபது வருசமா சிட்டை எழுதுற அண்ணைக்கு கொம்பியூட்டர் எண்டாலே பயம், அவரே ரெண்டாம் நாள் தானாக் கேட்டு வாங்கி அடிக்கத் தொடங்கிட்டார். இந்த ஒரு திரைக்காகவே நான் இந்த ஆப்ப எடுக்கச் சொல்லுவன்.

அடுத்தது தமிழ் பில். இதத்தான் கொஞ்சம் விரிவாச் சொல்லோணும், ஏனெண்டா இந்த ஊரில ‘தமிழும் இருக்கு’ எண்டு விளம்பரம் போடுறவங்க நிறையப் பேர், பிரின்ட் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். எங்களிட்ட இருக்கிறது பில் போடுற சின்ன தெர்மல் பிரிண்டர். அதுக்குள்ள இங்கிலிஷ் எழுத்து தயாரா இருக்கும், தமிழ் எழுத்து இல்ல. அப்ப தமிழ அனுப்பினா கேள்விக்குறியும் கட்டமும்தான் வரும், இல்லாட்டி கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாப் போய் ‘கொத்தமல்லி’ எண்டுறது வாசிக்கவே ஏலாம நிக்கும். முந்தி ஒரு சொப்ட்வெயார் ஆள் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில போட்டுத் தந்தவர், அது கடைக் கொம்பியூட்டரில சரி, வாட்ஸ்அப்ல அனுப்பினா மற்றப் பக்கம் வெறும் இங்கிலிஷ் எழுத்துக் குப்பையாத்தான் விழும். இவங்க என்ன செய்தாங்க எண்டா பில் முழுக்க எங்கயும் தமிழாவே தெரியிற யூனிகோட்ல எழுதி, ஒரு படமா மாத்தி அந்தப் படத்த பிரிண்டருக்கு அனுப்புறாங்க. எழுத்து அச்சொட்டா வருது. ஒரு குறை, படமாப் போறதால பிரின்ட் ஆக கூட நேரம் எடுக்கும், நீளமான பில்லெண்டா ஏழு எட்டு செக்கன் காத்துக்கொண்டு நிக்கோணும். காலமை அவசரத்தில அது பெரிய நேரம். குறைச்சுத் தாறம் எண்டு சொல்லி மாசக்கணக்காப் போச்சு, இன்னும் அப்பிடியே.

ஆனா அந்த ஏழு செக்கனுக்குப் பிறகு கையில வாற சிட்டைய வாடிக்கையாளர் வாசிக்கிறார் பாருங்க, அத நான் பக்கத்தில நிண்டு பாத்திருக்கிறன். ஹட்டன்ல இருந்து வாற ஒரு ஐயா, சின்னக் கடை வச்சிருக்கிறவர், முந்தி இங்கிலிஷ் பில்லக் குடுத்தா மடிச்சு சட்டைப் பையில வச்சிட்டுப் போயிடுவார், எங்கள நம்பித்தான். இப்ப கண்ணாடியப் போட்டு ஒவ்வொரு வரியா விரல் வச்சு வாசிக்கிறார். மூண்டாம் மாசம் ‘தம்பி, இந்த நிறை ரெண்டு தரம் விழுந்திருக்கு’ எண்டு காட்டித் தந்தார், பாத்தா உண்மைதான், எங்கட ஆள் ரெண்டு தரம் தட்டிட்டார். இருபத்தஞ்சு கிலோ மிளகாய்க் காசு அவருக்கு மிச்சமாச்சு. தன்ர பாஷையில பில் இருந்தாத்தானே ஒருத்தர் கேள்வி கேப்பார்.

கொழும்பில ஸ்டார்ட்அப், ஸ்டார்ட்அப் எண்டு கதை கிளம்பி கனகாலம். 2009ல பங்குச் சந்தைக்கு சொப்ட்வெயார் செய்த மில்லேனியம் ஐடி கம்பனிய லண்டன் பங்குச் சந்தையே 30 மில்லியன் டொலர் குடுத்து வாங்கினது, 2005ல சஞ்ஜீவ வீரவரண தொடங்கின டபிள்யூஎஸ்ஓ2 சொப்ட்வெயார் கம்பனி, பிறகு மருதானையில ட்ரிப்போலி மார்க்கெட் பழைய கட்டடங்கள் ட்ரேஸ் எண்டு ஐடி இடமானது, கோட்டையில புதுக் கம்பனிகள் சேந்து இருந்து வேலை செய்யிற ஹட்ச் எண்ட இடம் வந்தது, 2016ல இருந்து டிஸ்ரப்ட் ஏசியா எண்ட ஸ்டார்ட்அப் மாநாடு. அப்பாவுக்கு ட்ரிப்போலி எண்டா இப்பவும் பழைய களஞ்சியம்தான், அங்க கண்ணாடி போட்ட ஒபிஸ்ல பிள்ளையள் இருந்து வேலை செய்யினம் எண்டு நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாப் பிறகுதான் நம்பினார். பெருமையான விசயங்கள்தான் எல்லாம், ஆனா அதில பெரும்பகுதி வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் செய்யிற வேலை. மருதானையில இருந்து நாலாம் குறுக்குத் தெருவுக்கு நடந்தே வரலாம், அப்பிடி இருந்தும் அந்தப் பக்கமிருந்து ஒருத்தரும் எங்கட தராசப் பாக்க வரேல்ல, அவ்வளவு வருசமா.

தெருவுக்கு முதல்ல வந்தது வாடகை வண்டி கூப்பிடுற பிக்மீ ஆப்தான். 2015ல தொடங்கி, கொஞ்ச நாளில எங்கட சந்தியில நிக்கிற த்ரீவீல் அண்ணைமார் எல்லாம் போன் ஒண்ட வண்டிக்கு முன்னால கொழுவத் தொடங்கினாங்க. ஜிஃப்ரி சுல்ஃபர் தொடங்கின அந்தக் கம்பனி 2024ல கொழும்புப் பங்குச் சந்தைக்கே வந்திட்டுது. தெருவுக்கு அடுத்த மாற்றம் 2022ல. பெற்றோல் வரிசையில நாங்க பட்டது எல்லாருக்கும் தெரியும், ஆனா எரிபொருள் பங்கீட்டுக்குக் குடுத்த அந்த கியூஆர் செய்த ஒரு வேலைய ஆரும் பெருசாப் பேசுறதில்ல. நாட்டாமை, லொறி றைவர், கைவண்டிக்காரரிட மகன், எல்லாரும் அந்த ஒரு கட்டம் போட்ட படத்த போன்ல எடுத்து வச்சுக்கொண்டு காட்டப் பழகிட்டாங்க. அதுக்கு முதல் போனால காசு கட்டுற லங்காகியூஆர் ஸ்டிக்கர கடையில ஒட்டி வச்சும் ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்ல. பிறகு அவங்களாவே ‘முதலாளி, கியூஆர் இருக்கா’ எண்டு கேக்கத் தொடங்கினாங்க. இந்த ஆப் எங்கட கடையில ஓடுறதுக்கு அந்தக் கஷ்ட காலம் போட்ட பழக்கமும் ஒரு காரணம் எண்டு நான் உறுதியா நம்புறன்.

அந்த 2022 எங்களுக்கு வேற ஒரு அடியும் தந்தது. அதுக்கு முந்தின வருசம் இன்னொரு கம்பனியிட ஆப் ஒண்ட எடுத்து ஏழு மாசக் கணக்க அதுக்குள்ள ஏத்தி வச்சிருந்தம். டொலர் 200ல இருந்து 360 தாண்டிச்சு, ஒரு நாளைக்கு பதிமூண்டு மணித்தியாலம் கரண்ட் இல்ல, அந்தக் கம்பனிப் பொடியன்கள் ஒவ்வொருத்தரா வெளிநாடு போயிட்டாங்க. ஒரு நாள் ஆப்ப திறந்தா திறக்கேல்ல. போன் எடுத்தா ஆளில்ல. அவங்கள நான் திட்டேல்ல, அந்த நேரம் போகாம இருந்து என்ன செய்யிறது. ஆனா ஏழு மாச நிலுவைக் கணக்கு போச்சு.

அப்பா அண்டைக்கு ஒண்டும் பேசேல்ல. இரவுதான் சொன்னார். 83 ஆடிக் கலவரத்தில பெரியப்பாட கடை எரிஞ்சபோது பேரேடு எல்லாம் சேந்து எரிஞ்சதாம். ஆர் எவ்வளவு தரோணும் எண்டு ஒரு துண்டுக் கடதாசி இல்ல. சிலபேர் தாங்களாவே வந்து குடுத்தாங்களாம், சிலபேர் வரவே இல்லையாம். ‘கணக்கு எங்கட கையில இருக்கோணும், இன்னொருத்தன்ர கதவுக்குப் பின்னால இருக்கக் கூடாது’ எண்டார். அதுக்குப் பிறகு கொப்பிக்கே திரும்பிப் போயிட்டம். 2023 மார்கழியில இந்தியா பெரிய வெங்காய ஏற்றுமதிய நிப்பாட்டி, விலை காலமை ஒண்டு மத்தியானம் ஒண்டா ஏறின மாசங்களில கொப்பியோட நாங்க பட்ட பாடு கொஞ்சமில்ல, எந்த விலைக்கு ஆருக்கு எழுதினம் எண்டு தேடியே நேரம் போகும்.

அதால இந்தப் பொடியன்கள் வந்தபோது அப்பா கேட்ட முதல் கேள்வி விலை இல்ல. ‘நீங்க நாளைக்கு கம்பனிய மூடினா என்ர கணக்கு எனக்கு எப்பிடி வரும்?’ ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க, ஆயத்தமா வந்த பதில் இல்ல எண்டு முகத்திலயே தெரிஞ்சது. அடுத்த கிழமை வந்து சொன்னாங்க, ஒவ்வொரு இரவும் முழுக் கணக்கும் எக்செல் ஃபைலா கடைக் கொம்பியூட்டருக்கே இறங்கும், அதோட அண்டைய நாள் பேரேடு ஒரு பக்கமா பிரின்ட் எடுக்கலாம் எண்டு. செய்தும் தந்தாங்க. இண்டை வரைக்கும் ஒரு நாளும் தவறேல்ல. எந்த ஸ்டார்ட்அப்பிட்ட எத வாங்கினாலும் இந்தக் கேள்விய முதல்ல கேளுங்க, கெஞ்சிக் கேக்கிறன்.

இன்டர்நெட் இல்லாட்டியும் ஓடும். ஆடிவேல் திருவிழா அண்டு பின்னேரம் செட்டியார் தெருப் பக்கம் தேர் பாக்க சனம் நெரிஞ்சு நிண்டது, போன்ல சிக்னல் ரெண்டு கோடு காட்டும், ஒண்டும் போகாது. மூண்டு மணித்தியாலம் அப்பிடியே பில் போட்டம், லைன் வந்தாப் பிறகு தானா ஏறிச்சு, ஒண்டும் விடுபடேல்ல.

இப்ப பிழை. எட்டாம் மாசம் ‘நினைவூட்டல்’ எண்டு புதுசா ஒண்டு போட்டாங்க. நிலுவை நாள் தாண்டினா வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் தானாப் போகும். எங்களிட்ட ஒரு சொல் கேக்காம எல்லாக் கடைக்கும் திறந்து விட்டுட்டாங்க. மாத்தளையில எங்கட அப்பாவோட முப்பது வருசமா யாவாரம் செய்யிற ஒரு குடும்பம். அந்த ஐயா செத்து ரெண்டாம் நாள், வீட்டில ஆக்கள் கூடியிருக்க, அவற்ற போனுக்கு எங்கட கடைப் பேர்ல ‘உங்கள் நிலுவைத் தொகையை உடனடியாகச் செலுத்தவும்’ எண்டு போயிருக்கு. மகன் போன் எடுத்து கோவிக்கேல்ல, அமைதியா ‘அங்கிள், எட்டாம் நாள் சடங்கு முடியட்டும், வந்து தாறன்’ எண்டார். அப்பா போன வச்சிட்டு கதிரையில இருந்தவர் கனநேரம் எழும்பேல்ல. அண்டிரவே வான் பிடிச்சு மாத்தளைக்குப் போனம். அப்பா அந்த அம்மாவிட கையப் பிடிச்சுக்கொண்டு மன்னிப்புக் கேட்டத நான் மறக்க மாட்டன்.

திரும்பி வந்து நான் கத்தினன், உண்மையாக் கத்தினன். கடன் எண்டுறது எங்கட தெருவில இலக்கம் மட்டுமில்ல, எப்ப கேக்கிறது, எந்தக் குரல்ல கேக்கிறது, ஆர் போய்க் கேக்கிறது எண்டு எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு. கம்பனிய நடத்துற அந்த யாழ்ப்பாணத்துப் பொடியன் அடுத்த நாள் காலமை கடை திறக்க முதலே வாசல்ல நிண்டார். சாட்டுச் சொல்லேல்ல. நினைவூட்டல எல்லாக் கடைக்கும் அண்டே நிப்பாட்டிப் போட்டு, இப்ப கடைக்காரர் பேரப் பாத்து, செய்தியப் பாத்து, தானே அமத்தினாத்தான் போகும். வசனமும் எங்களிட்டக் கேட்டு மாத்தினது: ‘வணக்கம், உங்கட கணக்கு விபரம் இது, வசதிப்படும்போது ஒருக்கா கதையுங்கோ.’ இந்த மாற்றத்துக்காக நான் மன்னிச்சன், ஆனா புதுசா எதையும் கேக்காமத் திறந்து விடுற பழக்கம் இன்னும் முழுசாப் போகேல்ல, போன மாசமும் பட்டன் நிறத்தையும் இடத்தையும் திடீரெண்டு மாத்தி சிட்டை அண்ணைய அரை நாள் அலைய விட்டாங்க.

காசு: தொடங்கேக்க மாசம் 5,500, இப்ப 7,000. கூட்டினது எனக்கு விருப்பமில்ல, ஆனா அவங்கட சேர்வர் பில் டொலர்ல, எங்கட காசு ரூபாயில, அந்தக் கணக்கு எனக்கும் விளங்கும், நானும் இறக்குமதிச் சாமான்தானே விக்கிறன். வாட் வரி 18 வீதத்துக்கு வந்த பிறகு அந்தக் கணக்கையும் இதிலயே எடுக்கிறம், எங்கட எக்கவுண்டனுக்கு வேலை பாதியாக் குறைஞ்சிருக்கு.

உதவி கேட்டா முந்தி அந்தப் பொடியன்களே போன் எடுப்பாங்க, வாட்ஸ்அப்ல தமிழ்ல வொய்ஸ் அனுப்பினா பத்து நிமிசத்தில பதில். இப்ப ஆக்கள் கூடிட்டாங்க, வாடிக்கையாளரும் கூடிட்டாங்க, ஒரு நம்பருக்கு எடுத்தா ஒரு பிள்ளை இங்கிலிஷ்ல தொடங்கும், தமிழ் எண்டு சொன்னா ‘கொஞ்சம் லைன்ல இருங்க’ எண்டு அஞ்சு நிமிசம் பாட்டு. கடையில கணக்கு எழுதுற தங்கச்சி ரெண்டு தரம் வச்சிட்டு வந்திட்டுது. வளருறது நல்லம், எனக்கு அதில சந்தோசம்தான், ஆனா நாலாம் குறுக்குத் தெருக்காரன் போன் எடுத்தா தமிழ் கேக்கோணும், இந்த ஆப் நிண்டதே அதிலதான். இத அவங்களுக்கு நேர சொல்லிட்டன், எழுதியும் குடுத்தனான்.

செக் பக்கம் இன்னும் பலவீனம். எந்த செக் எந்த நாள் போடுறது எண்டு பட்டியல் வரும், ஆனா திரும்பின செக்க பழைய பில்லோட சேத்து நிலுவையில திருப்பி ஏத்த நாலு இடத்தில தட்டோணும், ஒண்ட விட்டா கணக்கு பிழைக்கும். எங்கட யாவாரத்தில பாதி செக். இத சரிப்படுத்தினா அஞ்சுக்கு அஞ்சு குடுப்பன், இப்போதைக்கு நாலு.

ஆர் எடுக்கலாம்: மூடைக் கணக்கு, கடன் கணக்கு உள்ள மொத்தக் கடைகள், பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைக்கும் சரிவரும் எண்டு நினைக்கிறன், அங்கயும் நிறைக்கு விக்கிறவங்கதானே. ரெண்டாம் குறுக்குத் தெரு உடுப்புக் கடைகளுக்கு வேண்டாம், அளவு நிறம் பிரிக்க இதில வசதியில்ல. எடுக்க முதல் அவங்கள கூப்பிட்டு உங்கட கடையில ஒரு காலமை நிக்கச் சொல்லுங்க, வந்து நிப்பாங்க.

அப்பா இப்பவும் ஆறு மணிக்கு கடை பூட்ட முதல் அந்த ஒரு பக்கப் பேரேட்ட பிரின்ட் எடுத்து, திகதி போட்டு, கையெழுத்து வச்சு, பெரிய ஃபைல்ல கோக்கிறார். பதினாலு மாசத்தில ரெண்டு ஃபைல் நிரம்பி இப்ப மூண்டாவது. அவற்ற கையெழுத்துக்கு ஒரு இடம் விடச் சொல்லிக் கேட்டவர், போன கிழமை அதையும் போட்டுக் குடுத்திருக்கிறாங்க.